வாளியைக் கவிழ்த்து வையுங்கள்: குழந்தைகள் இருக்கும் வீட்டின் சுத்தம் பற்றிக் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதியில் குழந்தையின் வயதே இல்லை. 8 மாதக் குழந்தைக்குச் சொல்வது 4 வயதுக்காரிக்குப் பொருந்தாது. அடுத்த முறை எழுதும்போது வயதைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். கறையைப் பற்றிக் கேட்டால், கறை எதன் மேல் பட்டது என்பதையும் எழுதுங்கள்.

என் மகனுக்கு 9 மாதம், தவழ்கிறான். தினமும் மூன்று முறை கிருமிநாசினி போட்டுத் தரையைத் துடைக்கிறேன். போதுமா?

தேவைக்கு மேல் செய்கிறீர்கள். தினமும் ஒரு முறை துடைத்தால் போதும், அதற்கும் கிருமிநாசினி வேண்டாம். அழுக்கையும் அதிலுள்ள கிருமியையும் சேர்த்து வெளியேற்றுவது சோப்பும் தண்ணீரும்தான். பெரும்பாலான கிருமிநாசினிகள் வேலை செய்ய, தரை சில நிமிடங்களாவது ஈரமாக இருக்க வேண்டும். துடைத்த கையோடு ஃபேனைப் போட்டுக் காயவைத்தால் வாசனை மட்டுமே மிஞ்சும். தரையில் தங்கும் மருந்து அவன் உள்ளங்கையில் ஒட்டி, அங்கிருந்து வாய்க்குப் போகிறது.

இரண்டு வாளி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் சோப்புத் தண்ணீர், இன்னொன்றில் துணியை அலச வெறும் தண்ணீர். ஒரே வாளியோடு வீட்டைச் சுற்றி வந்தால், மூன்றாவது அறையில் நீங்கள் பூசுவது முதல் அறையின் அழுக்கு. தரை நன்றாகக் காய்ந்த பிறகு குழந்தையை இறக்கிவிடுங்கள். வெளியில் போட்டு நடந்த செருப்பு வாசலோடு நிற்கட்டும். தரைக்கு வரும் அழுக்கில் பெரும்பகுதி அதோடு நின்றுவிடும்.

முடித்ததும் இரண்டு வாளியையும் காலி செய்து கவிழ்த்து வையுங்கள். 5 சென்டிமீட்டர் தண்ணீர் இருந்தாலே ஆபத்து. இந்த வயதில் உடம்பின் அளவுக்குத் தலை கனம் அதிகம், எட்டிப் பார்த்து உள்ளே விழுந்தால் தானாக எழ முடியாது. சத்தமும் வராது. ஃபோன் அடித்தாலும் சரி, அழைப்பு மணி அடித்தாலும் சரி, முதலில் வாளியைக் கவிழ்த்துவிட்டுப் போங்கள்.

சுவரெல்லாம் கிரேயான் கிறுக்கல். எப்படிப் போக்குவது?

என்ன பெயின்ட் என்று எழுதவில்லை. கழுவக்கூடிய பெயின்ட் என்றால், ஈரத்துணியில் கொஞ்சம் பேக்கிங் சோடாவைத் தொட்டு மெதுவாகத் தேயுங்கள். கிரேயான் வெறும் மெழுகு, வந்துவிடும். மங்கலான சாதாரண பெயின்ட் என்றால் கறையோடு பெயின்டும் கையில் வரும், கதவுக்குப் பின்னால் ஓர் ஓரத்தில் சோதித்துப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.

4 வயது மகள் இரவில் படுக்கையை நனைக்கிறாள். மெத்தையில் வாடை போகவே இல்லை. வினிகரும் சோடாவும் சேர்த்துக் கலந்து ஊற்றியும் பயனில்லை.

இரண்டையும் ஒன்றாக ஊற்றினால் நுரை பொங்கும், ஒன்றை ஒன்று செயலிழக்கச் செய்துவிடும். கடைசியில் மெத்தையில் இருப்பது கொஞ்சம் உப்புத் தண்ணீர்தான். தனித்தனியாகச் செய்யுங்கள். முதலில் காய்ந்த துணியை வைத்து அழுத்தி ஈரத்தை ஒற்றி எடுங்கள். தேய்த்தால் உள்ளே இறங்கிவிடும். அப்புறம் பாதி வினிகர், பாதி குளிர்ந்த தண்ணீர் கலந்து தெளித்து மறுபடி ஒற்றுங்கள். ஈரம் குறைந்ததும் சோடாவைத் தூவி, காய்ந்த பிறகு உறிஞ்சி எடுங்கள். பழைய வாடைக்கு, சிறுநீர் கறைக்கென்றே விற்கும் நொதி கலந்த கிளீனர்தான் சரி. அதற்கும் ஊற நேரம் கொடுக்க வேண்டும்.

இதையெல்லாம்விட, நீர் புகாத மெத்தை உறை ஒன்று போடுங்கள். அவளைத் திட்டாதீர்கள். 4 வயதில் இரவில் நனைப்பது மிகச் சாதாரணம், அவள் வேண்டுமென்று செய்வதில்லை.

குளிக்கும்போது விளையாடும் ரப்பர் வாத்தை அழுத்தினால் கறுப்பாகத் தூள் வருகிறது. கழுவினால் போகுமா?

போகாது. உள்ளே பூஞ்சை. தூக்கிப் போடுங்கள். அடுத்த முறை ஓட்டை இல்லாத பொம்மையாக வாங்குங்கள்.

பாத்ரூம் கிளீனரைப் பெரிய கேனில் வாங்கி, காலியான குடிதண்ணீர் பாட்டில்களில் பிரித்து வைக்கிறேன். கறை போகாததால் போன வாரம் அதோடு பிளீச்சும் சேர்த்தேன். கண் எரிந்து இருமல் வந்தது. எந்த அளவில் கலக்க வேண்டும்? வீட்டில் 2 வயதுக் குழந்தை இருக்கிறது.

எந்த அளவிலும் கலக்கக் கூடாது. உங்கள் கடிதத்தைப் படித்து எனக்குக் கை நடுங்கியது. பல வருடமாக எழுதுகிறேன், ஒவ்வொரு முறையும் இப்படி இரண்டு கடிதமாவது வருகிறது.

முதலில் பாட்டில். 2 வயதுக் குழந்தைக்கு அந்தப் பாட்டில் தண்ணீர் குடிக்கும் பாட்டில், அதில் இருப்பது கலர் தண்ணீர். அதில் குடித்துத்தான் நீங்களே பழக்கியிருக்கிறீர்கள். இரவில் தாகத்தோடு எழும் பெரியவர்களும் ஏமாறுவார்கள். கேனோடு வந்த மூடி குழந்தையால் எளிதில் திறக்க முடியாதபடி செய்யப்பட்டிருக்கலாம், அதை இழந்தீர்கள். லேபிளையும் இழந்தீர்கள். குழந்தை எதைக் குடித்தது என்று மருத்துவர் கேட்டால் என்ன சொல்வீர்கள்? பாத்ரூம் கிளீனர்கள் பலவற்றில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். குழாய் அடைப்பு நீக்கும் பொடியில் இருப்பது காஸ்டிக் சோடா. இரண்டாவது இன்னும் கொடியது, உணவுக்குழாயை ஆழமாக அரிக்கும். ஆறிய தழும்பு குழாயைச் சுருக்கிவிட்டால், அதை விரித்துவிட வருடக்கணக்கில் மருத்துவமனைக்கு நடக்க வேண்டும்.

அப்படி ஒன்று நடந்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். இறங்கும்போது சுட்டது ஏறும்போதும் சுடும். உப்புத் தண்ணீர், கைவைத்தியம் எதுவும் வேண்டாம். வாயில் ஒட்டியிருப்பதைத் துடைத்துவிட்டு, அந்தப் பாட்டிலையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

அடுத்தது கலப்பது. அமிலமும் பிளீச்சும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். உங்கள் கண் எரிந்தது அதனால்தான். குளோரின் காற்றைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு கனமானது, கீழே இறங்கித் தரையை ஒட்டித் தங்கும். உங்களுக்கு இருமல் வந்த அந்த நேரத்தில் குழந்தை பாத்ரூம் வாசலில் உட்கார்ந்திருந்தால், அதன் மூக்கு இருந்த உயரத்தில்தான் வாயு அதிகம். அமோனியா கலந்த கிளீனரோடும் பிளீச்சைச் சேர்க்கக் கூடாது. குழந்தை உட்கார்ந்து போகும் கழிப்புச் சட்டியில் சிறுநீர் இருக்கும்போதே பிளீச் ஊற்றுவதும் அதே தவறுதான். முதலில் கொட்டி, அலசி, அப்புறம் ஊற்றுங்கள்.

இன்றைக்கே அந்தப் பாட்டில்களைக் காலி செய்யுங்கள். மருந்து அது வந்த கேனிலேயே, பூட்டும் அலமாரியில், உயரத்தில் இருக்க வேண்டும். கேன் கனமாக இருக்கிறது என்றால் சின்னதாக வாங்குங்கள். பழைய கறைக்கு ஒரே ஒரு கிளீனரை ஊற்றி, லேபிளில் சொன்ன நேரம் ஊற விட்டுத் தேயுங்கள். கறை போகாவிட்டால் அப்படியே இருக்கட்டும். கறையால் எந்தக் குழந்தைக்கும் எதுவும் ஆனதில்லை.

அப்படியென்றால் வீட்டில் பிளீச்சே வேண்டாமா?

வேண்டும், வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும்போது. குழந்தையை வேறு அறைக்கு அனுப்பி, ஜன்னலைத் திறந்து, கையுறை போட்டுக்கொள்ளுங்கள். வாந்தியைப் பேப்பரால் ஓரத்திலிருந்து நடுவுக்கு வழித்தெடுத்துப் பையில் கட்டிப் போடுங்கள். சோப்பால் கழுவிய பிறகே பிளீச். 5 சதவீத பிளீச் என்றால் 1 லிட்டர் தண்ணீருக்கு சுமார் 20 மி.லி., அளந்து ஊற்றுங்கள். 10 நிமிடம் ஈரமாக விட்டுவிட்டு வெறும் தண்ணீரால் துடையுங்கள். இன்று கலந்தது நாளைக்கு வேலை செய்யாது, மிச்சத்தைக் கொட்டிவிட்டு வாளியைக் கவிழ்த்து வையுங்கள். கையைச் சோப்புப் போட்டே கழுவுங்கள், வாந்தி பேதிக் கிருமிகள் சிலவற்றிடம் சானிடைசர் பலிக்காது. வாந்தி நின்ற பிறகும் சில நாட்களுக்குக் கிருமி மலத்தில் வரும், அதுவரை பாத்ரூமில் கவனமாக இருங்கள்.

எதை எடுத்தாலும் வாயில் போடுகிறான். என்ன செய்வது?

வயது? சரி, 3 வயதுக்குள் என்று வைத்துக்கொள்கிறேன். டிஷ்யூ பேப்பர் சுற்றி வரும் அட்டைக் குழாய்க்குள் நுழையும் எதுவும் அவன் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கக் கூடாது. பொத்தான் பேட்டரி எல்லாவற்றையும்விட மோசம். விழுங்கினால் 2 மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயை அரித்துவிடும். விழுங்கியிருப்பானோ என்று சந்தேகம் வந்தாலே போதும், காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

துணி அலமாரியில் நாப்தலின் உருண்டை போட்டு வைக்கிறேன். கைக்குழந்தையின் துணியும் அதில்தான்.

எடுத்துவிடுங்கள். மிட்டாய் என்று வாயில் போடும் ஆபத்து ஒரு பக்கம். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு, நாப்தலினில் வைத்த துணியின் வாசனையே சிவப்பணுக்களை உடைக்கக்கூடும். அந்தக் குறை இருப்பது பல வீடுகளில் தெரியாமலே இருக்கும். துணியைத் துவைத்து, நன்றாகக் காயவைத்து, மூடியுள்ள பெட்டியில் வையுங்கள்.

ரொம்பச் சுத்தமாக வைத்தால் எதிர்ப்புச் சக்தி வராது என்கிறார் மாமியார். உண்மையா?

அவர் சொல்வதில் விஷயம் இருக்கிறது. 1989-இல் டேவிட் ஸ்ட்ராச்சன் என்ற ஆய்வாளர், உடன்பிறந்தவர்கள் அதிகமுள்ள வீட்டுக் குழந்தைகளுக்கு ஒவ்வாமைக் காய்ச்சல் குறைவு என்று கண்டு எழுதினார். பேச்சு அங்கே தொடங்கியது. ஆனால் அதற்காகக் கை கழுவுவதை விடச் சொல்ல முடியாது. மண்ணில் விளையாடட்டும், நாய்க்குட்டியைத் தொடட்டும். சாப்பிடும் முன்னும் கழிவறைக்குப் போன பின்னும் சோப்புப் போட்டு 20 விநாடி கழுவட்டும்.

பொம்மைகளை எடுத்து வைக்கவே நாள் போகிறது. இரண்டு பேரும் வேலைக்குப் போகிறோம்.

பொம்மை அதிகம் இருக்கிறது. மூன்று பெட்டியாகப் பிரித்து இரண்டை மேலே ஏற்றிவிடுங்கள். வாரம் ஒரு முறை மாற்றுங்கள், இறங்கி வரும் பெட்டி அவர்களுக்குப் புதிதாகவே இருக்கும். பகல் முழுக்க வீடு கலைந்து கிடந்தால் கிடக்கட்டும். இரவில் பத்து நிமிடம், எல்லோருமாகச் சேர்ந்து எடுத்து வையுங்கள். எல்லோரும் என்றால் அப்பாவும்தான்.

3 வயது மகள் தானும் தரை துடைப்பேன் என்று அழுகிறாள். விடலாமா?

தாராளமாக. நன்றாகப் பிழிந்த சின்னத் துணி ஒன்றைக் கொடுங்கள், வெறும் தண்ணீரில் நனைத்தது. அவள் துடைத்த இடத்தை அவள் கண் முன்னால் மறுபடி துடைக்காதீர்கள். வாளி மட்டும் உங்கள் பக்கத்திலேயே இருக்கட்டும்.