1612-இல் இரண்டு முகடுகள்: எந்த மேசர், எங்கிருந்து?

கேள்வி: எம்.எஸ்சி. ப்ராஜெக்ட்டுக்காக ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியின் ஹைட்ராக்சில் (OH மூலக்கூறு) தரவைப் பார்க்கிறேன். 1612 மெகாஹெர்ட்ஸில் இரண்டு கூர்மையான முகடுகள். இரண்டுக்கும் இடையே வேக வேறுபாடு நொடிக்கு 30 கி.மீ. இது என்ன வகை மேசர் (லேசர் போல ரேடியோ அலையைப் பெருக்கும் வாயு) என்று எப்படி முடிவு செய்வது?

பதில்: முதிர்ந்த விண்மீன் என்றுதான் உடனே சொல்லத் தோன்றும். அப்படிப்பட்ட விண்மீன் வாயுவை எல்லாத் திசையிலும் ஊதித் தள்ளுகிறது. அது ஓடு போல விண்மீனைச் சூழ்ந்து விரிகிறது. அந்த ஓட்டில் நம்மை நோக்கி வரும் முன்பக்கமும் விலகிப்போகும் பின்பக்கமும்தான் பலமாகப் பெருக்கப்படுகின்றன. அதனால் இரண்டு முகடுகள். உங்கள் கணக்குப்படி ஓடு நொடிக்கு 15 கி.மீ. வேகத்தில் விரிகிறது, விண்மீனின் வேகம் இரண்டு முகடுகளுக்கும் நடுவில். எல்லாம் பொருந்துகிறது. ஆனாலும் இடம் தெரியாமல் வகையை எழுதிவிடாதீர்கள்.

பார்க்ஸின் 64 மீட்டர் டிஷ்ஷுக்கு இந்த அலைவரிசையில் கற்றை அகலம், அதாவது ஒரே நேரத்தில் பார்க்கும் வானப் பரப்பின் அகலம், சுமார் 12 ஆர்க்மினிட் (ஒரு ஆர்க்மினிட் என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒன்று). பால்வீதித் தளத்தில் அவ்வளவு பரப்புக்குள் எத்தனையோ விண்மீன்கள் இருக்கும். இரண்டு முகடுகளும் இரண்டு வெவ்வேறு மூலங்களாகக்கூட இருக்கலாம்.

முதலில் குறுக்கீட்டை ஒதுக்குங்கள். 1612-க்குப் பக்கத்திலேயே செயற்கைக்கோள்கள் ஒலிபரப்புகின்றன. சில மாதம் கழித்து எடுத்த தரவு இருந்தால் ஒப்பிடுங்கள்: பூமி சூரியனைச் சுற்றுவதால் விண்வெளியிலிருந்து வரும் உண்மையான நிறமாலைக் கோட்டின் அதிர்வெண் கொஞ்சம் நகர்ந்திருக்கும், மனிதர் அனுப்பும் சிக்னல் அப்படி நகராது. அப்புறம் அண்டைப் புள்ளிகளின் நிறமாலையைப் பாருங்கள். அதே வேகத்தில் அங்கே இன்னும் பலமாகத் தெரிந்தால் மூலம் அந்தப் பக்கம்தான். உங்களுக்குக் கிடைத்தது ஓரத்தில் கசிந்தது.

துல்லியமான இடத்துக்கு நராப்ரிக்கு அருகிலுள்ள ஆஸ்திரேலியா டெலஸ்கோப் காம்பாக்ட் அர்ரே போன்ற ஆன்டெனா வரிசை வேண்டும். அது ஆர்க்செகண்ட் (ஆர்க்மினிட்டில் அறுபதில் ஒன்று) அளவில் இடத்தைச் சொல்லிவிடும். இரண்டு முகடுகளும் ஒரே இடத்தில் விழுந்து, அங்கே ஸ்பிட்சர் அல்லது வைஸ் விண்வெளித் தொலைநோக்கியின் அகச்சிவப்புப் படத்தில் பளிச்சென்று தனி விண்மீன் இருந்தால் சரி, முடிவு உறுதி.

ஹைட்ராக்சிலின் மற்ற மூன்று கோடுகளையும் (1665, 1667, 1720 மெகாஹெர்ட்ஸ்) பார்க்காமல் விடாதீர்கள். 1665, 1667 பலமாக, ஒழுங்கில்லாத பல முகடுகளோடு இருந்தால் பெரிய விண்மீன் பிறக்கும் இடத்தை நினையுங்கள், அங்கே 6.7 கிகாஹெர்ட்ஸ் மெத்தனால் மேசரும் கிடைத்தால் சந்தேகமே இல்லை. 1720 மட்டும் தனியாக ஒளிர்ந்தால், டபிள்யூ 28, டபிள்யூ 44 போல, சூப்பர்நோவா எச்சத்தின் அதிர்ச்சி அலை மூலக்கூறு மேகத்தில் மோதும் இடமாக இருக்கலாம். பலரும் ஏமாறுவது இன்னொன்றில்: 1612 அகலமாக மேலெழும்ப, 1720 அதே வடிவத்தில் கீழே இறங்கினால், அது விண்மீனைச் சுற்றிய ஓடு அல்ல, பரவிக் கிடக்கும் வாயு. உங்கள் முகடுகள் கூர்மையானவை என்பதால் இதற்கு வாய்ப்பு குறைவு. இருந்தாலும் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்து பார்த்துவிடுங்கள்.

புதிதாக நேரம் கேட்டு விண்ணப்பிக்கும் முன் ஒரு வேலை: பார்க்ஸில் நடந்த ஸ்பிளாஷ் என்ற ஹைட்ராக்சில் ஆய்வில் கிடைத்த மேசர்களை நராப்ரி ஆன்டெனா வரிசையிலேயே மறுபடி நோக்கி, இடங்களைப் பட்டியலாக வெளியிட்டிருக்கிறார்கள். உங்கள் ஆயத்தொலைவையும் வேகத்தையும் அதில் தேடுங்கள்.