பழைய டூர் கடனுக்கு மேல் யூரோப் டூர்

கேள்வி: கோவையில் இருக்கிறோம். வரும் மே மாதம் நான், மனைவி, 9 மற்றும் 7 வயதுப் பிள்ளைகள் பாரிஸ், இன்டர்லாகன், வெனிஸ், வியன்னா என்று 12 நாள் ரயிலில் சுற்றத் திட்டம். செலவு 6 லட்சம். சிங்கப்பூர் போக வாங்கிய பர்சனல் லோனில் 2 லட்சம் பாக்கி. மாதம் 13,700 ரூபாய், இன்னும் 16 தவணை. அதை அடைத்து மொத்தம் 8 லட்சமாக டாப்-அப் தருகிறார்கள். 14% வட்டி, 5 வருடம், தவணை 18,600. சமாளித்துவிடுவேன். ஐரோப்பிய நாடுகளின் ரயில்களில் ஒரே சீட்டில் போக உதவும் யூரெய்ல் பாஸ் 15 நாளுக்கு எடுக்கலாமா?

பதில்: பாஸ் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். 15 நாள் தொடர் பாஸ் பெரியவர் ஒருவருக்குச் சுமார் 475 யூரோ. இருவருக்கு, யூரோ 100 ரூபாய் என்றே வைத்தாலும், 95,000. உங்கள் திட்டத்தில் ஊர் விட்டு ஊர் போவது மூன்றே நாள். மற்ற நாட்களில் பாஸ் சும்மா கிடக்கும். பாரிஸிலிருந்து இன்டர்லாகன் இருக்கும் சுவிஸுக்குப் போகும் டிஜிவி லிரியா அதிவேக ரயிலில் பாஸ் இருந்தாலும் சீட் ரிசர்வேஷனுக்குத் தனிக் காசு, அதுவும் பாஸ்காரர்களுக்கு ஒதுக்கியது குறைவுதான். யுங்ஃபிராவ் மலை ரயிலில் தள்ளுபடி மட்டுமே கிடைக்கும். மூன்று டிக்கெட்டையும் சில மாதம் முன்பே தனித்தனியாக எடுத்தால், நால்வருக்கும் சேர்த்து ஏறக்குறைய பாதிச் செலவில் முடியும்.

ஆனால் உங்களைக் கெடுப்பது பாஸ் இல்லை. ஒரு டூர் கடன் முடியும் முன்பே அதன் மேல் அடுத்த டூரை ஏற்றுகிறீர்களே, அந்தப் பழக்கம். 18,600 வீதம் 60 மாதம் என்றால் 11 லட்சத்து 16 ஆயிரம். வட்டி மட்டும் 3 லட்சத்து 16 ஆயிரம், அதாவது இன்னொரு பயணத்தில் பாதி. 16 மாதத்தில் முடிய வேண்டிய சிங்கப்பூர் கடனுக்கு இன்னும் ஐந்து வருடம் வட்டி கட்டப்போகிறீர்கள். தவணை ஐயாயிரம்தானே கூடுகிறது என்பதால் இது வலிக்கவில்லை. வலிக்காமல் இருக்கத்தான் ஐந்து வருடமாக நீட்டித் தருகிறார்கள். 'இப்போது போங்கள், பிறகு கட்டுங்கள்' என்று ஆப்பில் வரும் பயணக் கடனும் இதே ரகம்தான், அந்தப் பக்கமே போகாதீர்கள்.

மாதம் 18,600 கட்ட முடியும் என்று நீங்களே சொல்கிறீர்கள். சரி, அதை இன்றே தொடங்குங்கள். 13,700 தவணை போக மிச்சம் 4,900-ஐ முன்கூட்டியே அசலில் கட்டினால், 2 லட்சம் சுமார் ஒரு வருடத்தில் தீரும். பகுதி முன்செலுத்தலுக்குக் கட்டணம் உண்டா, ஒரு தடவைக்குக் குறைந்தபட்சத் தொகை உண்டா என்று வங்கியில் முதலில் கேளுங்கள். இருந்தால் நான்கைந்து மாதம் சேர்த்து ஒன்றாகக் கட்டலாம். அப்புறம் அதே 18,600-ஐ மாதாமாதம் ஆர்டியில் (தொடர் வைப்பு) போடுங்கள். இரண்டு வருடத்தில் நாலரை லட்சம் தாண்டும். வியன்னாவை விட்டு நாட்களைக் குறைத்தால் அந்தப் பணத்துக்குள் பயணத்தை அடக்கலாம். போனஸ் வந்தால் இன்னும் சீக்கிரம் கிளம்பலாம்.

மூன்று வருடத்தில் மூத்த பிள்ளைக்கு 12 வயதாகிவிடும், யூரெய்லில் குழந்தைகளுக்கான இலவச பாஸ் கிடைக்காதே என்று யாராவது அவசரப்படுத்துவார்கள். அதனால் கூடுவது இருபது, முப்பதாயிரம். டாப்-அப் கேட்பது மூன்று லட்சத்துக்கு மேல்.