குத்தில் வெயிட் ஏற என்ன செய்யலாம், டாக்டர்?

கேள்வி: வயது 22, எடை 63 கிலோ. காசிமேட்டில் இருக்கிறேன். எட்டு மாதமாக பாக்ஸிங் பழகுகிறேன். "வேகம் இருக்கு, குத்துல வெயிட் இல்ல" என்கிறார் மாஸ்டர். அதனால் தினமும் 200 தண்டால், கையில் 2 கிலோ டம்பெல்லோடு ஷேடோ பாக்ஸிங் (எதிராளி இல்லாமல் காற்றில் குத்துவது), மொட்டை மாடியில் தொங்கவிட்ட மணல் மூட்டையில் வெறுங்கையால் குத்து என்று போய்க்கொண்டிருக்கிறது. இரண்டு வாரமாக வலது கை சுண்டுவிரல் முட்டியில் வீக்கம், வலி. சுவரில் குத்திப் பழகினால் கை கெட்டிப்படும் என்கிறான் நண்பன். செய்யலாமா?

பதில்: தம்பி, முதலில் கையைப் பார்ப்போம். வெயிட் அப்புறம்.

வலது கையை விரித்து மெதுவாக மடக்குங்கள். விரல் நுனிகள் எல்லாம் கட்டைவிரலின் அடிப்பக்கம் நோக்கிச் சாய வேண்டும். சுண்டுவிரல் மட்டும் மோதிரவிரலுக்கு அடியில் குறுக்கே நுழைகிறதா? இடது கையில் தெரியும் முட்டி மேடு வலது கையில் அமுங்கிக் கிடக்கிறதா? அப்படியென்றால் எலும்பு முறிந்து விலகியிருக்கலாம். நாளைக்கே எலும்பு மருத்துவரிடம் போங்கள். இரண்டும் இல்லையென்றாலும், இரண்டு வாரமாக வடியாத வீக்கத்துக்கு எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும்.

சுண்டுவிரல் முட்டிக்குக் கீழே ஏற்படும் இந்த முறிவுக்கு 'பாக்ஸர் முறிவு' என்று பெயர். பெயர்தான் அப்படி. இதோடு வருகிறவர்களில் பெரும்பாலோர் கிளவுஸைத் தொட்டே பார்த்திராதவர்கள்; வீட்டில் சண்டை போட்டுவிட்டு பீரோவையோ கதவையோ குத்தியவர்கள். முறையாகப் பழகியவருக்கு இது ஏன் அவ்வளவாக வருவதில்லை என்பதில்தான் உங்கள் கேள்விக்கான பதிலும் இருக்கிறது.

உள்ளங்கைக்குள் இருக்கும் எலும்புகளில் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் உரியவை மணிக்கட்டோடு இறுகப் பூட்டியவை. மற்ற இரண்டும் அசையும். சுண்டுவிரல் முட்டியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள், தெரியும். குத்து முதல் இரண்டு முட்டிகளில் இறங்கினால் அடியின் பாரம் முன்கைக்கு நேராகப் போகும். முழங்கை வெளியே விரிந்து, கை மட்டும் சுற்றி வந்தால் சுண்டுவிரல் பக்கம்தான் முதலில் மோதும். கைப் பலத்தை மட்டும் நம்பிக் குத்துகிறவர்களிடம் நான் அடிக்கடி பார்ப்பது இது. உங்கள் வலியும் மாஸ்டர் சொல்லும் குறையும் ஒரே இடத்திலிருந்து வருவதாகவே எனக்குத் தோன்றுகிறது.

1980களில் வந்த சோவியத் ஆய்வு ஒன்றில், தேர்ந்த வீரர்களின் குத்து விசையில் சுமார் 38 சதவீதம் கால் உந்துதலிலிருந்து வந்தது, கை நீட்டலிலிருந்து 24தான். கற்றுக்குட்டிகளுக்குத் தலைகீழ்: கால் சுமார் 17, கை 38. பின்னங்கால் தரையை உதைக்க, குதிகால் திரும்ப, இடுப்பு சுழல, தோள் பின்தொடர, முஷ்டி கடைசியாகத்தான் கிளம்ப வேண்டும். கிளம்பும்போது உடல் தளர்வாக இருக்க வேண்டும். படும் கணத்தில் மட்டும் வயிறும் முதுகும் இறுக வேண்டும். ஆரம்பத்திலிருந்தே விறைத்துக்கொண்டு குத்தினால் வேகமும் போகும், வெயிட்டும் போகும்.

டம்பெல்லைக் கீழே வையுங்கள். அதன் எடை கையைக் கீழே இழுக்கிறது, நீங்களோ முன்னால் குத்துகிறீர்கள். தோள்பட்டைதான் நோகும்.

கை ஆறும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. வாரம் இரண்டு நாள் பாரத்தோடு ஸ்குவாட், அதாவது உட்கார்ந்து எழுதல்; பாரத்தைக் கையால் பிடிக்காமல் தோளில் போட்டுக்கொள்ளும் பையாக இருக்கட்டும். நின்ற இடத்திலிருந்து முன்னோக்கித் தாவுவதும் நல்லது. மருத்துவர் கையைப் பயன்படுத்தலாம் என்றதும் 3 கிலோ மெடிசின் பாலை (கனமான பயிற்சிப் பந்தை) இடுப்பைத் திருப்பிச் சுவரில் எறியுங்கள். ஒரு தடவைக்கு ஐந்து எறிகள் போதும். ஒவ்வொன்றும் முழு வேகத்தில் இருக்க வேண்டும், ஐந்து முடிந்ததும் இரண்டு நிமிடம் ஓய்வு. மூச்சு வாங்க வாங்க ஐம்பது எறிந்தால் தெம்பு கூடலாம், குத்தின் வெயிட் கூடாது. தினம் 200 தண்டாலுக்கும் இதே கதைதான்.

சுவர்? வேண்டவே வேண்டாம். பாரம் பழகப் பழக எலும்பு ஓரளவு கெட்டிப்படும், உண்மைதான், ஆனால் மாதக்கணக்கில், மெதுவாக. முட்டிக்குள் இருக்கும் குருத்தெலும்பு தேய்ந்தால் திரும்ப வளராது. நாற்பது வயதில் சட்டைப் பொத்தான் போட அந்த முட்டிகள் வேண்டும்.

மணல் மூட்டையையும் அவிழ்த்துவிடுங்கள். மணல் இறங்கி அடிப்பாகம் கல்லாகிவிடும். பழைய துணியை அடைத்துக் கட்டுங்கள். மருத்துவர் அனுமதித்த பிறகு நாலரை மீட்டர் பேண்டேஜ் சுற்றி, கிளவுஸ் போட்டு, பாதி வலுவில் தொடங்குங்கள். முறிவு என்று தெரிந்தால், முழு வலுவில் குத்த ஆறிலிருந்து எட்டு வாரமாவது ஆகும். அதுவரை ஸ்பாரிங், அதாவது எதிராளியோடு பயிற்சிச் சண்டை, கிடையாது. எக்ஸ்ரேவை மாஸ்டரிடமும் காட்டுங்கள், அவரே தடுத்துவிடுவார்.

இன்னொன்று. கட்டைவிரலை மேலே தூக்கினால் அதன் அடியில், மணிக்கட்டில், ஒரு சிறு குழி விழும். அங்கே அழுத்தினால் வலிக்கிறதா என்றும் பாருங்கள். அங்குள்ள எலும்பின் கீறல் முதல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம். வலி இருந்தால் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.