டவுன்லோட்ஸ் ஃபோல்டர் மட்டும் மெதுவாகத் திறப்பது

விண்டோஸ் கம்ப்யூட்டரில் டவுன்லோட்ஸ் ஃபோல்டர் மட்டும் திறக்க நேரம் எடுக்கிறதா? அந்த ஃபோல்டர் மேல் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ், அதில் கஸ்டமைஸ் டேப் போங்கள். 'ஆப்டிமைஸ் திஸ் ஃபோல்டர் ஃபார்' என்ற இடத்தில் ஜெனரல் ஐட்டம்ஸ் தேர்ந்தெடுத்து ஓகே கொடுங்கள். திறக்கும்போது மேலே அட்ரஸ் பாரில் பச்சைக் கோடு ஊர்ந்துகொண்டே இருக்கிறதா, மற்ற ஃபோல்டர்கள் சட்டென்று திறக்கின்றனவா? அப்படியானால் பெரும்பாலும் இதுதான் தீர்வு.

உள்ளே படங்களும் வீடியோக்களும் நிறைய சேர்ந்தால், விண்டோஸ் அதைத் தானாகவே பட ஃபோல்டர் என்று முடிவு செய்துவிடும். பிறகு ஒவ்வொரு ஃபைலையும் திறந்து, படம் எடுத்த தேதி போன்ற விவரங்களைப் படித்த பிறகே வரிசைப்படுத்தும். ஆயிரக்கணக்கில் ஃபைல் இருந்தால், அதிலும் பழைய ஹார்ட் டிஸ்க் என்றால், நேரம் எடுக்கத்தான் செய்யும்.

மாற்றியதும் ஒன்றைச் சரிபாருங்கள்: டீட்டெய்ல்ஸ் வியூவில் எந்த நெடுவரிசையை (column) வைத்து வரிசையாகிறது? வெறும் 'டேட்' என்றிருந்தால் 'டேட் மாடிஃபைட்' ஆக்குங்கள். இந்தத் தேதி டிஸ்க்கிலேயே பதிவாகியிருப்பது, ஃபைலைத் திறக்க வேண்டியதில்லை. இதைப் பலரும் கவனிப்பதில்லை. பாதிப் பிரச்சினை இங்கேதான்.

இதற்குப் பிறகும் மெதுவாகவே இருந்து, அங்கிருந்து ஃபைல்களை காப்பி செய்வதும் நேரம் இழுத்தால், செட்டிங்கைத் தோண்டுவதை நிறுத்துங்கள். டிஸ்க்கே பழுதாகிக்கொண்டிருக்கலாம். முதலில் முக்கியமானவற்றை வேறு டிரைவுக்கு பேக்கப் எடுத்துவிடுங்கள்.