குரங்குக்கு ஒத்துக்கொண்ட மருந்து நமக்கும் ஒத்துக்கொள்ளுமா?

கேள்வி: புது மருந்தை முதலில் எலி, குரங்குக்குக் கொடுத்துப் பார்க்கிறார்களே, அதை நம்பி மனிதனுக்குக் கொடுக்கலாமா?

பதில்: முழுசாக நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு 2006 மார்ச்சில் லண்டனில் நடந்த ஒரு சோதனையே போதும். டிஜிஎன்1412 என்று ஒரு மருந்து, குரங்குகளுக்குக் கொடுத்தபோது பெரிய தொந்தரவு எதுவும் இல்லை, அதனால் குரங்குக்குக் கொடுத்த அளவில் ஐந்நூறில் ஒரு பங்கை மட்டும் நல்ல ஆரோக்கியமான ஆறு இளைஞர்களுக்கு ஏற்றினார்கள். ஒன்றரை மணி நேரத்துக்குள் தலைவலி, நடுக்கம், வாந்தி. அப்புறம் உடல் உறுப்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்க, ஆறு பேரும் தீவிர சிகிச்சைப் பிரிவில். உயிர் பிழைத்தார்கள், ஆனால் ஒருவர் விரல்களை இழந்தார்.

காரணம் பிறகுதான் தெரிந்தது. அந்த மருந்து போய் ஒட்டுகிற சிடி28 என்ற புரதம் நம் உடலின் ஒருவகை நோய் எதிர்ப்பு அணுக்களில் உண்டு, சோதித்த குரங்கின் அதே அணுக்களில் இல்லை. இல்லாத கதவை எத்தனை தட்டினால் என்ன!

எனக்குக் கோபம் வருவது வேறு விஷயத்தில்: முதல் ஆளுக்கு என்ன ஆகிறது என்று பார்க்காமல் சில நிமிட இடைவெளியில் அடுத்தடுத்து ஊசி போட்டார்களே, அதற்குக் குரங்கு என்ன செய்யும்?

சரி, விலங்குச் சோதனையே வேண்டாமா? ஈரலைக் கெடுக்கும், இதயத் துடிப்பைக் குலைக்கும் பல மருந்துகள் அங்கேயே மாட்டிக்கொள்கின்றன. ஆனாலும் அது கட்டாயம் என்ற விதியை அமெரிக்கா 2022 டிசம்பரில் நீக்கிவிட்டது, மனித அணுக்களை வைத்துச் செய்யும் சோதனைகளையும் இப்போது காட்டலாம். இந்தியாவும் 2023-இல் விதியைத் திருத்தியிருக்கிறது.