மகள் மன்றச் செயலாளர் ஆகலாமா? டர்பனிலிருந்து ஒரு பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

திருநெல்வேலியிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து நான்கு மாதங்களே ஆன நிலையில், பத்தாம் கிரேடில் படிக்கும் உங்கள் மகளை விவாத மன்றத்தின் செயலாளராகப் பொறுப்பேற்கும்படி ஆசிரியை கேட்டிருக்கிறார் என்றும், அதனால் படிப்பு கெடுமா, பல்கலைக்கழகச் சேர்க்கைக்கு ஏதேனும் பயன் உண்டா என்றும் எழுதியிருந்தீர்கள். பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் இங்கு வந்து, பிள்ளைகள் இருவரையும் இங்குள்ள உயர்நிலைப் பள்ளியிலேயே படிக்கவைத்தவள் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

சேர்க்கை பற்றிய ஐயத்தை முதலில் தீர்த்துவிடலாம். இங்குள்ள பல பல்கலைக்கழகங்கள் மெட்ரிக் எனப்படும் பன்னிரண்டாம் கிரேடு இறுதித் தேர்வின் மதிப்பெண்களை ஏ.பி.எஸ். என்னும் சேர்க்கைப் புள்ளிகளாக மாற்றி, ஒரு பாடத்தில் 80 விழுக்காடோ அதற்கு மேலோ என்றால் 7, 70 முதல் 79 வரை என்றால் 6 என்று கூட்டிப் பார்க்கின்றன. மன்றப் பதவிக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. பர்சரி எனப்படும் படிப்பு உதவித்தொகைக்கான விண்ணப்பங்களில் பள்ளியில் என்ன பொறுப்பு வகித்தாய் என்று கேட்பது உண்டு, அங்கே எழுத ஒரு வரி கிடைக்கும். கட்-ஆஃப் கணக்கிலேயே வளர்ந்த நமக்கு இந்த ஒரு வரி பெரிதாகத் தோன்றாது. இதற்காக மட்டும் என்றால் நானும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

என் மகன் பத்தாம் கிரேடில் இன்டராக்ட் கிளப் என்னும் மாணவர் சேவை மன்றத்தின் பொருளாளராக இருந்தான். சீருடைக்குப் பதிலாக வீட்டு உடையில் வருவதற்குப் பிள்ளைகள் இங்குள்ள பணத்தில் ஐந்தோ பத்தோ ராண்டு கட்டும் சிவ்வீஸ் டே ஒன்றில் சேர்ந்த நாணயங்களை, இரண்டு லிட்டர் ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு வீட்டுக்கு எடுத்துவந்து, சாப்பாட்டு மேசையில் பத்துப் பத்தாக அடுக்கி எண்ணினான். வகுப்புவாரிப் பட்டியலோடு ஒப்பிட்டபோது 85 ராண்டு குறைந்தது. மூன்று முறை எண்ணிப் பார்த்துவிட்டு, "அம்மா, நீங்கள் போட்டுவிடுங்கள்" என்றான். நானும் கைப்பையைத் திறந்துவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மறுநாள் அந்தப் பணத்தை வாங்க மறுத்த ஆசிரியை, குறைவை நோட்டில் எழுதிக் கையொப்பமிட்டு, அடுத்த கூட்டத்தில் அவனே அறிவிக்கும்படி சொல்லிவிட்டார். அன்று இரவு அவன் சரியாகச் சாப்பிடவில்லை. கூட்டத்தில் அவன் எழுந்து நின்று சொன்ன பிறகுதான், ஒன்பதாம் கிரேடு வகுப்பு ஒன்றின் உறை கொடுக்கப்படாமல் ஒரு மாணவியின் பையிலேயே இருந்தது தெரியவந்தது. கணக்கில் குறை வந்தால் அதை அப்படியே எழுதி வைக்க வேண்டும் என்பதை நான் ஆயிரம் முறை சொல்லியிருந்தாலும் அவனுக்கு அப்படிப் பதிந்திருக்காது.

உங்கள் மகளுக்குக் கிடைத்திருப்பது செயலாளர் பொறுப்பு. புதிதாக வந்த பிள்ளைக்குத் தலைவர் பதவியைவிட அதுவே நல்லது என்பேன். இங்கே வருகைப் பதிவேட்டில் கோவெண்டர், மூட்லி, பிள்ளை என்று நமக்குப் பழகிய பெயர்களாகவே இருக்கும். ஆனால் 1860 முதல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களாகக் கப்பலில் வந்தவர்களின் வழிவந்த அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் வீட்டில் பேசுவது ஆங்கிலம்தான். நம்மைப் போன்ற முகங்களுக்கு நடுவில் பேச்சுத்துணையின்றி இடைவேளையில் தனியாக உட்கார்ந்திருப்பது எத்தகைய தனிமை என்பதை என் மகளிடம் பார்த்திருக்கிறேன். செயலாளரோ வருகை எடுக்க வேண்டும், கூட்டக் குறிப்பு எழுத வேண்டும், வராதவர்களைத் தேடிப்போய்க் கேட்க வேண்டும். ஆகவே கூச்சம் இருந்தாலும் ஒவ்வொருவரிடமும் பேசியே ஆக வேண்டும். அவளுடைய உச்சரிப்பைக் கேட்டுச் சிரிக்கும் பிள்ளைகளும் அடுத்த கூட்டம் எப்போது என்று அவளிடம்தான் வந்து கேட்டாக வேண்டும்.

இதை ஆர்.சி.எல். எனப்படும் மாணவர் பிரதிநிதி மன்றத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது 1996ஆம் ஆண்டின் பள்ளிகள் சட்டப்படி, எட்டாம் கிரேடும் அதற்கு மேலும் உள்ள அரசுப் பள்ளிகளில் இருந்தாக வேண்டிய அமைப்பு. அதற்குத் தேர்தல் தனியே நடக்கும்.

படிப்பு கெடுமா என்றால், பத்தாம், பதினோராம் கிரேடுகளில் வாரம் ஒரு மாலை போவதால் கெடாது. மெட்ரிக் ஆண்டில், செப்டம்பர் வாக்கில் வரும் டிரையல் என்னும் முன்னோட்டத் தேர்வுக்கு முன்பே பொறுப்பை இளையவர் ஒருவரிடம் ஒப்படைத்துவிட வேண்டும் என்பதை மட்டும் இப்போதே ஆசிரியையிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

உண்மையான சிக்கல் வண்டிதான். மன்றக் கூட்டம் பள்ளி விட்ட பிறகு நடப்பதால் பல வீட்டுப் பிள்ளைகளைச் சேர்த்து ஏற்றிவரும் உங்கள் லிஃப்ட் கிளப் வண்டி அவளுக்காகக் காத்திருக்காது. சம்மதம் சொல்வதற்கு முன், அதே மன்றத்தில் இருக்கும் பிள்ளைகளில் உங்கள் பகுதிக்குத் திரும்புகிறவர்கள் யார் என்று மகளை விசாரிக்கச் சொல்லுங்கள். அந்த வீட்டாரோடு பேசிப் பெட்ரோல் செலவைப் பகிர்ந்துகொண்டால் அந்த ஒரு நாளைச் சமாளித்துவிடலாம்.

அன்புடன்,
உங்கள் அக்கா