தறிச் சத்தத்துக்குக் காது அடைப்பான் போதுமா?

கேள்வி: என் கணவர் 20 வருடங்களுக்கு மேலாக விசைத்தறி ஓட்டுகிறார். இப்போது டிவியை அலற வைக்கிறார், கூப்பிட்டால் "என்ன, என்ன" என்கிறார். வேலையில் காதுக்குப் பஞ்சு வைத்துக்கொள்வார். அவரோடு தறிக்குப் போகும் மகன், ஸ்பாஞ்ச் மாதிரியான காது அடைப்பான் வாங்கி வந்தான். பாக்கெட்டில் 32 டெசிபல் என்று போட்டிருக்கிறது. "தறி ஓடுவது எனக்குக் கேட்க வேண்டாமா?" என்று அவர் மறுக்கிறார். இது உண்மையிலேயே காதைக் காப்பாற்றுமா?
- வாசகி, நகரி

பதில்: காப்பாற்றும் சகோதரி. ஆனால் பாக்கெட்டில் போட்டிருக்கிற அளவுக்கு இல்லை. அந்த 32 என்பது அடைப்பான் எத்தனை டெசிபல் சத்தத்தைக் குறைக்கும் என்று ஆய்வுக்கூடத்தில் கச்சிதமாகப் பொருத்தி அளந்தது. டெசிபல் என்பது சத்தத்தை அளக்கும் அலகு. நடைமுறைக்கு அதில் 7-ஐக் கழித்து, மீதியைப் பாதியாக்கிப் பார்ப்பது வழக்கம். பன்னிரண்டரை வரும். நாடாத் தறிகள் வரிசையாக ஓடும் கூடத்தில் சத்தம் 95 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். காது ஓரளவு தாங்குவது 85 டெசிபலை, அதுவும் 8 மணி நேரம்தான். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகிவிடும். 97-இல் அரை மணிதான். ஆகவே அந்தப் பன்னிரண்டரை சின்ன விஷயமில்லை. பஞ்சு அந்த அளவுக்குத் தராது, அதை விட்டுவிடச் சொல்லுங்கள்.

பெரும்பாலும் கெடுவது போடும் விதத்தில்தான். கையைக் கழுவிவிட்டு அடைப்பானை மடிப்பு விழாமல் மெல்லிசாக உருட்ட வேண்டும். மறு கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே செலுத்தி, அது விரியும்வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருக்க வேண்டும். பிறகு தறிச் சத்தத்தில் இரு காதையும் உள்ளங்கையால் பொத்திப் பார்க்கட்டும். சத்தம் இன்னும் நன்றாகக் குறைந்தால் சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம்.

அப்புறம், நடுவில் கழற்றக் கூடாது. 12 மணி நேர ஷிப்டில் முக்கால் மணி நேரம் சத்தத்தில் கழற்றி வைத்தாலே, எவ்வளவு உசத்தியான அடைப்பானும் 12 டெசிபலுக்கு மேல் பலன் தராது. பேச வேண்டுமென்றால் கூடத்துக்கு வெளியே போய்க் கழற்றட்டும்.

தறி கேட்காது என்று அவர் சொல்வதைத் தள்ளிவிடாதீர்கள். காது நன்றாக இருப்பவருக்குச் சத்தம் மொத்தமாகத் தணிவதால் தறியின் மாற்றம் தெரியும். ஏற்கெனவே கேட்கும் திறன் குறைந்தவருக்கு அது சிரமம்தான். ரொம்ப அடைப்பதைப் போட்டுக் கழற்றிக் கழற்றி வைப்பதைவிட, கொஞ்சம் குறைவாக அடைப்பதை ஷிப்டு முழுக்கப் போட்டிருப்பது மேல்.

சத்தத்தால் போன கேட்கும் திறன் திரும்பாது. மிச்சத்தைத்தான் காக்க முடியும். திருப்பதி ரூயா மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு அவரைக் கூட்டிப் போங்கள். தறிக்கு விடுமுறையான நாளாகப் பாருங்கள், பரிசோதனைக்கு முன் 14 மணி நேரமாவது தறிச் சத்தம் படக் கூடாது. மகனுக்கும் அன்றே எடுத்துவிடுங்கள். இந்தச் சேதம் முதலில் 4000 ஹெர்ட்ஸ் பக்கம், அதாவது கீச்சென்ற ஒலிகளில் விழும். பேச்சில் தடுமாற்றம் வருவதற்கு முன்பே அது ஆடியோகிராமில் (காது பரிசோதனை வரைபடத்தில்) தெரிந்துவிடும்.